தட்டில் அடங்கும் அழற்சி தோலில் அடங்குமா?

ஆய்வகத்தில் தோல் செல்களின் அழற்சியைத் தணிக்காத மூலிகை ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கடினம். மஞ்சள், வேம்பு, வல்லாரை, கொய்யா இலை, மங்குஸ்தான் தோல் என்று எதை எடுத்துச் சாறு இறக்கினாலும், வளர்ப்புத் தட்டில் கிடக்கும் செல்கள் கொஞ்சமாவது அமைதியாகிவிடுகின்றன. அப்படி அமைதியானதைப் பற்றிய கட்டுரைகள் ஆண்டுதோறும் குவிகின்றன. தோல் மருத்துவர் எழுதித் தரும் சீட்டுக்கு வந்து சேர்ந்த தாவர மருந்துகளையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். இவ்வளவு வெற்றி அங்கே இருக்க, இவ்வளவு குறைவாக இங்கே வந்து சேர்வது ஏன்? மலேசியாவின் ஜொகூரில் இருந்துகொண்டு இதைக் கேட்பதில் பொருள் உண்டு. எண்டாவ் ரொம்பின் காட்டின் ஒரு பகுதியும், ஒரு காலத்தில் உலகத்துக்கே காம்பிர் இலைச் சாறு அனுப்பிய ஆற்றங்கரைகளும், ஸ்கூடாயில் மூலிகைகளை ஆயும் ஒரு பல்கலைக்கழக நிலையமும் இந்த ஒரே மாநிலத்தில் இருக்கின்றன.

முதலில் அந்தத் தட்டைப் பார்த்துவிடுவோம். தோலின் மேலடுக்கில் மிகப் பெரும்பான்மை கெரட்டினோசைட் செல்கள். வெயில், கிருமி, சோப்பு, ரசாயனம் எது பட்டாலும் முதலில் கூச்சல் போடுபவை அவைதாம். செல்லுக்குள் சும்மா கிடக்கும் என்.எஃப். கப்பா பி என்ற புரதம் கட்டவிழ்ந்து உட்கருவுக்குள் நுழையும், டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 6, இன்டர்லூக்கின் 8 போன்ற அழைப்புப் புரதங்களை எழுதும் மரபணுக்களை முடுக்கிவிடும். வெள்ளணுக்கள் ஓடி வரும். நாம் காணும் சிவப்பு, சூடு, வீக்கம், அரிப்பு எல்லாம் அதன் விளைவு. ஆய்வகத்தில் இந்தக் கூச்சலைச் செயற்கையாகக் கிளப்பி, மூலிகைச் சாறு சேர்த்து, அழைப்புப் புரதம் எவ்வளவு குறைந்தது என்று அளக்கிறார்கள்.

அளக்கப்படும் செல் பெரும்பாலும் ஹகேட் என்ற வகை. 1988இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் புற்றுநோய் ஆய்வு மையத்தில் உருவானது. 62 வயது ஆண் ஒருவரின் தோலிலிருந்து எடுக்கப்பட்டு, தானாகவே சாகாத் தன்மை அடைந்தது. அடக்கமாக வளரும், உலகெங்கும் கிடைக்கும், ஒரு நாட்டு ஆய்வை இன்னொரு நாட்டு ஆய்வோடு ஒப்பிட உதவும். ஆனால் அதன் பி53 மரபணு பழுதானது. அதற்கு இரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை, அரிப்பு இல்லை. எல்லாவற்றையும் விட, மேலே மூடியிருக்க வேண்டிய செத்த செல்களின் கெட்டிப் படலமும் இல்லை. மூலிகை நேராகச் செல்லின் மேல் விழுகிறது. நம் தோலில் அப்படி எதுவும் நேராக விழுவதில்லை.

ஜொகூரின் சொந்தக் கதை ஒன்றை இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஸ்கூடாய் வளாகத்து ஆய்வாளர்களும் கொரிய ஆய்வாளர்களும் சேர்ந்து 2010இல் கச்சிப் பாத்திமா பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மலாய்ப் பெண்கள் பிரசவத்துக்குப் பின் காய்ச்சிக் குடிக்கும் குறுஞ்செடி இது. மழைக்காட்டு நிழலில் வளர்வது. இதன் சாறு, புற ஊதாக் கதிர் பட்ட மனிதத் தோல் செல்களில் டி.என்.எஃப். ஆல்ஃபாவையும் காக்ஸ்-2 என்ற அழற்சி நொதியையும் குறைத்தது. தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜனை மீண்டும் உற்பத்தி செய்யத் தூண்டியது. கொலாஜனை அரிக்கும் நொதியை அடக்கியது. நேர்மையான, ஒழுங்கான வேலை. அதே ஆண்டு அரசு அறிவித்த பொருளாதார உருமாற்றத் திட்டத்தில் முன்னுரிமை பெற்ற ஐந்து மூலிகைகளில் கச்சிப் பாத்திமாவும் ஒன்று. மற்ற நான்கு தொங்கட் அலி, மீசை கூச்சிங், ஹெம்பெடு பூமி, டுக்கோங் ஆனாக். கடைசி இரண்டும் நம்மவர்களுக்குப் பழகியவைதாம்: நிலவேம்பு, கீழாநெல்லி.

ஆனால் அந்தக் கட்டுரை பேசுவது செல்களைப் பற்றி மட்டும். கடைத்தெருவில் விற்கும் கச்சிப் பாத்திமா காப்பியும் முகப்பூச்சும் பேசுவது மனிதர்களைப் பற்றி. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய படிகளை விளம்பரம் ஒரே தாவலில் தாண்டிவிடுகிறது.

அந்தப் படிகளில் எது எப்படிச் சறுக்கும் என்பதற்கு மஞ்சளைவிட நல்ல பாடம் இல்லை. குர்க்குமினை 1815இலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். 1910இல் அதன் அமைப்பும் தெரிந்துவிட்டது. 1995இல் மஞ்சள் காயம் ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமையே கொடுக்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வுக் கழகம் பழைய நூல்களைக் காட்டி வாதாடியதில் 1997இல் அது ரத்தானது. நம் பாட்டிகளுக்குக் கிடைத்த வெற்றி என்று அன்று கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த வழக்கு தீர்த்தது உரிமை யாருக்கு என்பதை மட்டுமே. மருந்தாக எவ்வளவு வேலை செய்யும் என்பதை அல்ல. அதே 1995இல் குர்க்குமின் என்.எஃப். கப்பா பி புரதத்தை அடக்குகிறது என்ற கண்டுபிடிப்பு வந்து, அதன் பின்னால் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்தன. பிற்பாடு அவற்றில் பல, படங்களில் குளறுபடி என்று திரும்பப் பெறப்பட்டன. 2017இல் அமெரிக்க மருந்து வேதியியல் இதழ் ஒன்றில் வந்த விரிவான மதிப்பீடு, நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவச் சோதனைகளுக்குப் பிறகும் மருந்துப்போலியோடு ஒப்பிட்டு முறையாக நடந்த எதிலும் குர்க்குமின் தெளிவாக வெல்லவில்லை என்று எழுதியது. உடல் வெப்பத்தில், இரத்தத்துக்கு நெருங்கிய காரத் தன்மையுள்ள வெறும் கரைசலில் குர்க்குமினை விட்டால், அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடும். தட்டில் பல சோதனைகளுக்கு அது ஒளிர்ந்தும் ஒட்டியும் பொய்ச் சாட்சி சொல்லும். மஞ்சள் பூசுவதை நான் குறை சொல்லவில்லை. மஞ்சளுக்கு இவ்வளவு கட்டுரை இருக்கிறது என்பதையே சான்றாகக் காட்டுபவர்களைத்தான் குறை சொல்கிறேன்.

தோலைத் தாண்டி உள்ளே போவது அடுத்த சிக்கல். மூலக்கூற்று எடை 500 டால்டனுக்கு மேல் போனால் நல்ல தோலைத் துளைப்பது அரிது என்று 2000இல் இரு டச்சு ஆய்வாளர்கள் ஒரு விதி சொன்னார்கள்; விதிவிலக்குகள் உண்டென்றாலும் வழிகாட்டியாக நிற்கிறது. நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைட் சுமார் 350 டால்டன், என்.எஃப். கப்பா பி புரதத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் போய் இறுக ஒட்டிக்கொள்கிறது என்று 2004இல் காட்டினார்கள். எடையில் தேறிவிடும். வல்லாரையின் ஆசியாட்டிகோசைட் 959. கொரிய அழகுக் களிம்புகளில் 'சீக்கா' என்ற பெயரில் இன்று உலகம் சுற்றுவது அது அடங்கிய வல்லாரைச் சாறுதான். மடகாஸ்கர் வல்லாரையிலிருந்து எடுத்த இதன் குடும்பத்து மூலப்பொருள்களைப் பிரெஞ்சு மருந்துலகம் பல பத்தாண்டுகளாகக் காயத்துக்குப் பயன்படுத்துகிறது. திறந்த புண்ணில் தடுப்புப் படலம் கிழிந்திருக்கிறது. அங்கே எடை பெரிய தடையில்லை. மூடிய, நல்ல கன்னத்தில் பூசும்போது அதே நியாயம் பொருந்துமா என்று கேட்க வேண்டும். பூசுபவர் யாரும் கேட்பதில்லை.

அதிமதுரம் வேறு வழியில் வேலை செய்கிறது. நம் உடலே சுரக்கும் கார்ட்டிசால் ஓர் அழற்சி அடக்கி. தோலில் உள்ள ஒரு நொதி அதைச் செயலிழக்கச் செய்துவிடும். அதிமதுரத்தின் கிளிசரெட்டினிக் அமிலம் அந்த நொதியைத் தடுத்து, பூசிய ஹைட்ரோகார்ட்டிசோனின் வலுவைத் தோலில் கூட்டுகிறது என்று 1990இல் லான்செட் இதழில் வந்தது. என்.எஃப். கப்பா பி கட்டுரைகள் பத்தைவிட இது ஒன்று எனக்கு அதிகம் சொல்கிறது: இலக்கு தெரிகிறது, மனிதத் தோலில் காட்டியிருக்கிறார்கள், அளக்கவும் முடிகிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. 'ஸ்டீராய்டு வேண்டாம், இயற்கையாக ஏதாவது கொடுங்கள்' என்று ஜாலான் உங்கு புவான் கடைகளில் கேட்பவர்கள் உண்டு. ஸ்டீராய்டு களிம்பே ஒரு வகையில் கிழங்கிலிருந்து வந்ததுதான். 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கில் இருந்த டயோஸ்ஜெனினைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றினார். 1952இல் அப்ஜான் நிறுவனம் ஒரு பூஞ்சையின் உதவியால் அதிலிருந்து கார்ட்டிசோன் குடும்பத்துக்கு வழி கண்டது. அதே ஆண்டு ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசிப் பலன் கண்ட முதல் அறிக்கையும் வந்தது. அதுவரை மாட்டுப் பித்தத்திலிருந்து பல படிகள் ஏறி இறங்கிச் செய்த விலை உயர்ந்த பொருள், கிழங்கு வந்த பிறகு சாதாரண மனிதனுக்கு எட்டியது. தோல் அழற்சிக்குத் தாவர உலகம் கொடுத்த மிகப் பெரிய கொடை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி, தமிழர்கள் பெருமைப்பட இடமுள்ள ஒரு கதை. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருநீலமாக மாறும். சித்த மருத்துவர்கள் அதைக் காளாஞ்சகப்படைக்கு (சோரியாசிஸ்) கொடுப்பார்கள். சென்னையில் ஆய்ந்து உருவாக்கிய 777 எண்ணெய் இந்த வழியில் வந்ததே. அந்த நிறம் சும்மா வரவில்லை. பழைய சென்னை மாகாணத்தில் வெட்பாலை இலையிலிருந்தும் நீலச் சாயம் எடுத்தார்கள். சாயத்தோடு இண்டிரூபின், டிரிப்டான்திரின் என்ற பொருள்களும் அந்த இலையில் உண்டு. சீன மருத்துவத்தின் 'சிங் டாய்' முற்றிலும் வேறு செடிகளிலிருந்து எடுக்கும் நீலப் பொடி. அதிலும் இதே மூலக்கூறுகள். தைவானின் சாங் குங் மருத்துவமனையில் 42 காளாஞ்சகப்படை நோயாளிகளுக்கு உடலின் ஒரு பக்கம் இந்த நீலக் களிம்பு, மறுபக்கம் மருந்தில்லாத வெறும் களிம்பு என்று 12 வாரம் பூசினார்கள். 31 பேருக்கு மருந்து பூசிய பக்கம் முழுதாகவோ ஏறத்தாழ முழுதாகவோ ஆறியது. 2008இல் வெளியான ஆய்வு அது.

ஏன் என்பதும் இப்போது துலங்கிவருகிறது. கெரட்டினோசைட்டுக்குள் ஏ.எச்.ஆர். என்ற ஓர் ஏற்பி இருக்கிறது. இண்டிரூபின் அதில் போய் உட்காரும். நூறாண்டுக்கு மேலாகத் தோல் மருத்துவர்கள் பூசிய நிலக்கரித் தாரும் அதே ஏற்பியைத் தூண்டுவதாக 2013இல் காட்டினார்கள். தூண்டினால் தோலின் தடுப்புப் படலத்தைக் கட்டும் ஃபிலாகிரின் போன்ற புரதங்கள் கூடும், அழற்சி குறையும். 2022 மே மாதம் அமெரிக்க மருந்து நிர்வாகம் காளாஞ்சகப்படைக்கு அனுமதித்த டாபினாரோஃப் களிம்பு இதே கதவைத் தட்டும் மருந்து. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெராட்ராலுக்கு உறவான ஸ்டில்பீன் இனம் அது. ஆனால் முதலில் அகப்பட்டது செடியில் அல்ல, நுண்புழுக்களோடு வாழும் ஒரு பாக்டீரியாவில். வெட்பாலைக்கும் நீலப் பொடிக்கும் தாருக்கும் இந்தப் பாக்டீரியாவுக்கும் நடுவில் ஓர் ஏற்பி பாலம் போட்டதும், தனித்தனியாகக் கிடந்த நாட்டு வைத்தியங்கள் ஒரே வரிசையில் வந்து நின்றுவிட்டன. தாவர மருந்து ஆய்வில் நான் நம்பும் முன்னேற்றம் இப்படிப்பட்டது.

ஆனாலும் எண்ணெயின் பங்கை மறக்கக் கூடாது. பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் நடந்த சோதனை 2014இல் வெளிவந்தது: எட்டு வாரம் சுத்தத் தேங்காய் எண்ணெய் பூசியவர்களிடம் நோயின் அளவு 68 விழுக்காடு குறைந்தது, கனிம எண்ணெய் பூசியவர்களிடம் 38 விழுக்காடு. இரண்டு எண்களையும் பாருங்கள். மூலிகை எதுவும் இல்லாத தேங்காய் எண்ணெய் இவ்வளவு செய்கிறது. மூலிகையும் இல்லாமல் தேங்காயும் இல்லாமல் வெறும் ஈரப்பதம் காக்கும் எண்ணெயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கிறது. அப்படியென்றால் ஒரு மூலிகைத் தைலத்தை வெறும் எண்ணெயோடு ஒப்பிடாமல் 'நோயாளிகள் குணமானார்கள்' என்று எழுதும் கட்டுரைக்கு என்ன மதிப்பு?

ஒப்பிட்டு வென்றவையும் உண்டு. மிகக் கொடிய பிறவித் தோல் நோயான எபிடெர்மோலைசிஸ் புல்லோசாவில், தொட்டாலே தோல் உரிந்து புண்ணாகும். பிர்ச் மரப்பட்டையின் டிரைடெர்ப்பீன்களை எண்ணெயில் கட்டிய களிம்பு, 223 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் 45 நாளுக்குள் குறித்த புண்ணை 41.3 விழுக்காட்டினருக்கு ஆற்றியது. வெறும் களிம்பு 28.9 விழுக்காடு. ஐரோப்பா 2022இலும் அமெரிக்கா 2023இலும் அனுமதித்தன. வித்தியாசம் மலையளவு இல்லை, ஆனால் உண்மையானது. 2006இல் அமெரிக்கா முதன்முதலாக 'தாவர மருந்து' என்ற தனி வழியில் அனுமதித்ததும் ஒரு களிம்பே: பச்சைத் தேயிலைக் கேட்டக்கின்கள், மருக்களுக்கு. வேடிக்கை என்னவென்றால், தட்டில் அழற்சியை அடக்கும் இந்தக் கேட்டக்கின் களிம்பின் பரவலான பக்க விளைவே பூசிய இடத்தில் சிவப்பும் எரிச்சலும்தான்.

கேட்டக்கின் என்றதும் ஜொகூருக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் சீனத் தலைவர்களுக்கு ஆற்றங்கரைகளைக் குத்தகைக்குக் கொடுத்தார். 'சூராட் சுங்கை' என்ற அனுமதிக் கடிதம் பெற்றவர் கங்சூ. அவர் குடியேற்றம் கங்கார். ஸ்கூடாய்ப் பல்கலைக்கழகத்துக்கு அருகே இன்றும் கங்கார் பூலாய் இருக்கிறது. காம்பிர் இலையைக் கொதிக்க வைத்து, சாற்றை இறுக்கி, கட்டிகளாக வெட்டிச் சிங்கப்பூர் வழியாக ஐரோப்பியத் தோல் பதனிடும் ஆலைகளுக்கு அனுப்பினார்கள். சக்கை மிளகுக் கொடிக்கு உரமானது. கொதிக்க வைக்கும் அடுப்புகளுக்காகக் காடு அழிந்தது. 1917இல் கங்சூ முறை ஒழிக்கப்பட்டது. அதற்குள் இரப்பர் நிலத்தைப் பிடித்துவிட்டது. ஜொகூர் அரசு முத்திரையில் காம்பிரும் மிளகும் இன்னும் இருக்கின்றன. பயிர் இன்று மேற்குச் சுமத்ராவில்.

வெற்றிலையோடு நாம் மெல்லும் காசுக்கட்டியின் இடத்தை மலாய்த் தீவுகளில் காம்பிர் பிடித்திருக்கிறது. மலாய் வீடுகளில் தீப்புண்ணுக்கும் வாய்ப்புண்ணுக்கும் அதைக் குழைத்துப் பூசும் வழக்கமும் உண்டு. அதன் முதன்மைப் பொருள் கேட்டக்கின். எடை 290 டால்டன். கூடவே துவர்ப்பைத் தரும் டானின்கள். விலங்குத் தோலைப் பதப்படுத்திய அதே டானின், நீர் வடியும் சொறியின் மேற்புறத்தில் புரதங்களை இறுக்கி வடிதலைக் குறைக்கும். இதற்குச் செல்லுக்குள் நுழையவே தேவையில்லை. தட்டில் ஹகேட் செல்லை வைத்து அளப்பவருக்கு இந்தப் பலன் கண்ணில் படாது. ஒரு மருந்தின் உண்மையான குணத்தை ஆய்வு முறையே மறைத்துவிடும் இடம் இது. குறையும் உண்டு: கேட்டக்கின் காற்றுப் பட்டால் பழுப்பாகும், துணியில் கறை பிடிக்கும், களிம்பில் நாள்பட நிற்பது கடினம். கிளிசரினும் கொழுப்பு அமிலமும் செய்யும் செம்பனை எண்ணெய் ஆலைகள் நிறைந்த பாசிர் கூடாங் பக்கத்திலேயே இருக்க, நல்ல களிம்பு அடிப்பொருள் செய்யும் அறிவுக்கு ஜொகூரில் பஞ்சம் இருக்கக் கூடாது. இன்னொரு மூலிகையை இன்னொரு தட்டில் ஊற்றிப் பார்ப்பதைவிட, அளவு நிர்ணயித்த ஒரு காம்பிர்க் களிம்பை வெறும் களிம்போடு ஒப்பிட்டு, கைச் சொறியுள்ள நூறு தொழிலாளர்களிடம் சோதிப்பது மேல் என்பது என் கருத்து.

காட்டுக்குள் போய்ப் புது மூலிகை தேடுபவர்களுக்கு ஒரு நிபந்தனை இப்போது சட்டமாகவே இருக்கிறது. உயிரியல் வளங்களை அணுகுவதற்கும் பலனைப் பகிர்வதற்குமான 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. எண்டாவ் ரொம்பின் ஓரத்தில், கம்போங் பெத்தாவில் வாழும் ஜாக்குன் பூர்வகுடி மக்கள் ஓர் இலையைக் காட்டிக் கொடுத்தால், அதிலிருந்து வரும் இலாபத்தில் அவர்களுக்குப் பங்கு பேச வேண்டும். அதே மக்கள் இன்னொன்றும் சொல்லித் தருவார்கள்: ஆற்றோரத்து ரெங்காஸ் மரத்தின் கிட்டே போகாதே. முந்திரி, சேராங்கொட்டைக் குடும்பத்து மரம் அது. பால் பட்ட இடம் கொப்புளித்துப் போகும். செடியிலிருந்து வந்தது என்பதால் மட்டும் எதுவும் தோலுக்கு இதமாகிவிடாது.

கடைசியாக, வாங்குபவர்களுக்கு. மாதக் கணக்கில் ஆறாத சொறியை ஒரு மூலிகைக் களிம்பு மூன்றே நாளில் மறைத்துவிட்டால், மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். மலேசியத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாய்ன், பீட்டாமெத்தசோன் கலந்த அழகுப் பொருள்களின் அனுமதியைத் திரும்பத் திரும்ப ரத்து செய்து வருகிறது. பீட்டாமெத்தசோன் வலுவான ஸ்டீராய்டு. நோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் மரபு மருந்துக்கு எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்று முடியும் பதிவு எண் இருக்க வேண்டும். அழகுப் பொருளாக அறிவிக்கப்பட்ட களிம்பு நோய் தீர்ப்பதாகச் சொல்லவே கூடாது. அந்தப் பதிவு எண்ணை ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள். பெட்டியில் எண் இல்லையென்றால் பூசாதீர்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால், களிம்பைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.